தாக்கோலத் (சாவியத்) திருப்புனா வண்டி என்ன சத்தம் போடுது? பழைய கார் ஸ்டார்ட் ஆகலேன்னா எங்க இருந்து பாக்கணும்

எனக்க வண்டி 1998 மாருதி 800, கார்பரேட்டர் உள்ள வண்டி. வீடு குளச்சல் பக்கம், கடலுக்கு ஒரு கிலோமீட்டர் கூட கிடையாது, ராத்திரி ஜன்னலத் தொறந்து வெச்சா காலைல கம்பியத் தொட்டா கையில உப்பு பிசுபிசுக்கும். ரெண்டு வருஷம் முன்ன ஆனி மாசம் சாரல் பிடிச்ச நேரம், செல்ஃப், அதாவது எஞ்சின முதல்ல சுத்தி விடுற மோட்டார், இழுத்து இழுத்து சுத்த ஆரம்பிச்சு நாலு நாள்ல மொத்தமா நின்னுட்டு. பேட்டரி போச்சுன்னு சொன்னாங்க, புதுசு வாங்கி மாத்துனேன், பத்து நாள் நல்லா இருந்துச்சு, திரும்ப அதே இழுவை. அப்பம் செல்ஃப் மோட்டார் போச்சுன்னாங்க, கழட்டி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாத்தி மாட்டியாச்சு, ஒரு மாசம் ஓடிச்சு, திரும்பவும் அதே. ஒருநாள் காலைல சோக்க இழுத்துப் பிடிச்சிட்டு தாக்கோலத் திருப்புறேன், டேஷ்போர்டுக்குள்ள இருந்து பிளாஸ்டிக் கரியுற மணம் வருது. பானட்டத் தொறந்து சோக் கேபிளத் தொட்டா கை வெக்க முடியல.

தக்கல பக்கம் ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணாச்சிகிட்ட போன்ல சொன்னேன். நான் சொல்லி முடிக்கதுக்கு முன்னயே அவரு, "எர்த்து வழி அடஞ்சு கெடக்கு மக்ளே, கரண்டு போவ வேற வழி இல்லாம சோக் கம்பி வழியா ஏறிப் போவுது, இனி செல்ஃப் அடிக்காத, கேபிள் உருகிரும்"ன்னாரு. கியர்பாக்ஸுக்கும் பேட்டரிக்கும் நடுவுல போற எர்த் வயர, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பி வர வயர மாத்துனேன், முந்நூறு ரூவா கூட ஆகல, அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் அரைச் சுத்துல பிடிக்குது. பேட்டரியும் மோட்டாரும் மாத்துனப்ப ஏன் கொஞ்ச நாள் சரியாச்சுன்னா, கழட்டி மாட்டும்போது அந்த வயரு அசைஞ்சு, நட்டு கொஞ்சம் உரசி, தற்காலிகமா நல்ல காண்டாக்ட் கிடைச்சிருக்கு, அவ்வளவுதான். வண்டியக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல, இருபத்தஞ்சு வருஷம் உப்புக்காத்து குடிச்ச வயரு.

அதுக்கப்புறம் சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க வண்டி ஒவ்வொண்ணா பாத்து பழகுனதத்தான் இங்க எழுதுறேன். பொருள் எதையும் வாங்குறதுக்கு முன்ன வண்டி போடுற சத்தத்தக் கேளுங்க, ஹெட்லைட் மங்குதா மங்கலையான்னு பாருங்க, இந்த ரெண்டும் சேந்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிரும். எதை மாத்தணும்ங்கிறத சோதிச்சுப் பாத்துதான் முடிவு பண்ணணும், ஊகத்துல பண்ணக்கூடாது.

கையில என்ன வேணும்

ஒரு மல்டிமீட்டர், விலை கம்மியானதே போதும். ஒரு டெஸ்ட் லாம்ப், அதாவது பழைய பார்க்கிங் லைட் பல்பு ஒண்ணு எடுத்து ரெண்டு வயர் பத்த வெச்சு ஒரு நுனில முதலைக் கிளிப்பு மாட்டினா தீந்துது. 10-ம் நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள், ஒரு வயர் பிரஷ், ஒரு ஜம்ப்பர் கேபிள். அப்புறம் உள்ள உக்காந்து தாக்கோல் திருப்ப ஒரு ஆள், அது ரொம்ப முக்கியம், தனியா ஓடி ஓடிப் பாத்தா சரியா தெரியாது.

வண்டி நியூட்ரல்ல இருக்கணும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும். கையில மோதிரம், ஸ்டீல் வாட்ச் இருந்தா கழட்டி வெச்சிருங்க, ஸ்பேனர் பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல மாட்டினா சிவக்கிற அளவுக்கு சூடாகும், அதுக்கு நடுவுல மோதிரம் இருந்தா விரலு போயிரும். டெர்மினல் கழட்டும்போது எப்பவும் முதல்ல நெகட்டிவ், மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பேட்டரி பக்கத்துல பீடி சிகரெட் கூடவே கூடாது, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். செல்ஃப் ஒரு தடவைல 10 செகண்டுக்கு மேல அடிக்காதீங்க, ஒரு நிமிஷம் விட்டு திரும்ப அடிங்க, இல்லேன்னா நல்லா இருக்க மோட்டாரும் சூட்டுல போயிரும்.

முதல்ல பேட்டரி

வண்டி நாலஞ்சு மணிக்கூர் சும்மா நின்னதுக்கு அப்புறம் மீட்டர 20 வோல்ட் டிசில வெச்சு பேட்டரி கம்பத்துல (மேல நிக்கிற ஈயக் குமிழ்ல) நேரா வெச்சுப் பாருங்க, அதப் பிடிச்சிருக்க கிளாம்ப்புல வெக்காதீங்க. 12.6 வந்தா ஃபுல் சார்ஜ். 12.4 கொள்ளாம், முக்கால் இருக்கு. 12.2 பாதி. 12.0 வந்தா காலுதான் இருக்கு, முதல்ல சார்ஜ் போட்டுட்டு மத்தத பாருங்க.

அது போதாது. இப்பம் ஒரு ஆள செல்ஃப் அடிக்கச் சொல்லி அதே கம்பத்துல வோல்ட் பாருங்க. சுத்தும்போது 9.6-க்கு கீழ போகக்கூடாது. சும்மா இருக்கும்போது 12.6 காட்டி, அடிக்கும்போது 7, 8-ன்னு விழுந்தா பேட்டரி உள்ள செத்துட்டு, இல்லேன்னா மோட்டார் அளவுக்கு மேல கரண்ட் இழுக்கு. எது அதுன்னா, நல்லா ஓடுற வேற வண்டில இருந்து ஜம்ப்பர் போட்டுப் பாருங்க, அப்பவும் இழுத்து இழுத்துதான் சுத்துனா பேட்டரி மேல பழி போடாதீங்க.

அடிக்கும்போதும் 10, 11 வோல்ட் நிக்குது ஆனா செல்ஃப் சுத்த மாட்டேங்குதுன்னா, இத நல்லா ஓர்மை வெச்சுக்கோங்க, பேட்டரி நல்லா இருக்கு, அதுல இருக்கது மோட்டாருக்குப் போய் சேரல. நம்ம ஊருல நான் பாத்த வண்டில பாதிக்கு மேல இந்த வகைதான்.

தாக்கோலத் திருப்புனா ஒண்ணுமே இல்ல, லைட்டும் இல்ல, ஹாரனும் இல்ல

இது பயமா இருக்கும், ஆனா சுலபம். டெர்மினல கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க, அசைஞ்சா அதுதான். அசையலேன்னாலும் கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் நடுவுல கறுப்பா ஒரு படலம் இருக்கலாம், கழட்டி ரெண்டையும் உப்புத்தாள் போட்டு பளபளன்னு ஆக்கி மாட்டுங்க. வெள்ளையாவோ நீலப்பச்சையாவோ பூத்திருந்தா வெந்நீர்ல ஆப்பசோடா கரைச்சு ஊத்துங்க, பொங்கி வரும், பேட்டரி மூடி ஓட்டைக்குள்ள அந்தத் தண்ணி போயிரக்கூடாது. நல்லா இறுக்குனதுக்கு அப்புறம் மேல வாஸ்லின் தடவுங்க, முதல்ல தடவிட்டு இறுக்காதீங்க.

டெர்மினல் நல்லா இருந்தும் ஒண்ணும் இல்லேன்னா பேட்டரி பிளஸ்ல இருந்து போற மெயின் ஃபியூஸ் இல்ல ஃபியூசிபிள் லிங்க பாருங்க. அது போயிருந்தா புதுசு போட்டு முடிச்சிராதீங்க, எங்கயோ ஷார்ட் ஆனதாலதான் அது போயிருக்கு.

லைட் பிரகாசமா எரியுது, ஆனா செல்ஃப்ல சத்தமே இல்ல

லைட் மங்கவே இல்லேன்னா செல்ஃப் கரண்ட கேக்கவே இல்லன்னு அர்த்தம். செல்ஃப் மோட்டார் மேல சின்னதா ஒட்டிருக்க சிலிண்டர்தான் சோலனாய்டு, அதுக்கு ரெண்டு தடிச்ச போல்ட், கூட ஒரு மெல்லிசான வயர் வரும். அந்த மெல்லிய வயருக்குத்தான் தாக்கோல்ல இருந்து உத்தரவு வருது. டெஸ்ட் லாம்ப் கிளிப்ப எஞ்சின் இரும்புல மாட்டி நுனிய அந்த மெல்லிய வயர்ல வெச்சுட்டு தாக்கோலத் திருப்பச் சொல்லுங்க.

பல்பு எரிஞ்சா உத்தரவு வந்து சேருது, சோலனாய்டு இல்லேன்னா மோட்டார்தான் கேக்கல. எரியலேன்னா பிரச்சினை மேல இருக்கு, இக்னிஷன் சுவிட்ச், ரிலே இருந்தா ரிலே, ஃபியூஸ், நடுவுல வயர். மங்கலா எரிஞ்சா அதுவும் மேலதான், சுவிட்சுக்குள்ள காண்டாக்ட் தேஞ்சிருக்கும், பழைய வண்டில தாக்கோல கொஞ்சம் ஆட்டிப் பிடிச்சா மட்டும் எடுக்குதுன்னா இதேதான்.

கடலோரத்துல இந்த மெல்லிய வயரோட கிளிப்பு பச்சை பூத்து கழண்டிரும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் உப்புக்காத்து கிடையாது, ஆனா அங்க எலி. ரப்பர் தோட்டத்து வீட்டுல நிக்க ஒரு வண்டிய பாக்கப் போனேன், சுவிட்ச் மாத்தணும்னு சொல்லி வெச்சிருக்காங்க, பானட்டத் தொறந்தா இந்த வயர எலி பாதி கடிச்சு ஒத்த நூலு தொங்குது. டெஸ்ட் லாம்ப்புல அந்த நூலு பல்ப எரிய வெச்சிரும், ஆனா சோலனாய்டு கேக்குற கரண்ட தாங்காது, அதனால பல்பு எரிஞ்சாலும் கண்ணால வயரு முழுக்க ஒருதடவ பாத்திருங்க.

"டக்"னு ஒத்த சத்தம், அதோட நின்னுட்டு

சோலனாய்டு இழுத்துட்டு, மோட்டார் சுத்தல. இங்கதான் ஹெட்லைட் பேசும். லைட்டப் போட்டுட்டு தாக்கோலத் திருப்புங்க.

டக் சத்தத்தோட லைட் அணையுற அளவுக்கு மங்குனா, ஒண்ணு பேட்டரி வீக், இல்லேன்னா மோட்டார் இறுகி நிக்குது. பேட்டரி மேல சொன்ன சோதனைல நல்லா இருந்தா, வண்டிய நாலாம் கியர்ல போட்டு முன்னாடி பின்னாடி தள்ளிப் பாருங்க, எஞ்சின் சுத்துதான்னு தெரியும், சில நேரம் பல்லுல சிக்கி நின்னது விடுபட்டு அதோட எடுத்துரும்.

லைட் கொஞ்சம் கூட மங்கலேன்னா கரண்ட் மோட்டாருக்குள்ள போகல, சோலனாய்டு உள்ள இருக்க செம்பு காண்டாக்ட் கரிஞ்சிருக்கும் இல்லேன்னா கார்பன் பிரஷ் தேஞ்சு முடிஞ்சிருக்கும். சுத்தியல் மரப்பிடியால மோட்டார் உடம்புல மெதுவா ரெண்டு தட்டு தட்டிட்டு அடிச்சுப் பாருங்க, எடுத்தா பிரஷ்தான். இது வீடு போய்ச் சேர வழி, வைத்தியம் கிடையாது, அடுத்தநாளே கழட்டி பிரஷ் மாத்துங்க. தட்டும்போது கை, துணி, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் வரக்கூடாது, வண்டி சட்டுன்னு ஸ்டார்ட் ஆயிரும். ரேடியேட்டர் ஃபேனும் எலக்ட்ரிக்குதான், எஞ்சின் சூடா இருந்தா தானா சுத்தும்.

"டக டக டக டக"

மிஷின் மாதிரி தொடர்ச்சியா அடிக்குதுன்னா சோலனாய்டு இழுக்கு, மோட்டார் கரண்ட் கேக்குது, உடனே வோல்ட் விழுந்து சோலனாய்டு பிடிய விட்டுருது, விட்டதும் வோல்ட் ஏறுது, திரும்ப இழுக்கு. பேட்டரி காலி, இல்லேன்னா டெர்மினல் சரியில்ல. மோட்டாரக் கழட்டச் சொன்னா விடாதீங்க.

ஜம்ப்பர் போடும்போது ரெண்டு பிளஸ்ஸையும் முதல்ல சேருங்க, அப்புறம் நல்ல வண்டியோட நெகட்டிவ், நாலாவது நுனிய நிக்கிற வண்டியோட பேட்டரில மாட்டாம எஞ்சின் இரும்புல தள்ளி மாட்டுங்க, தீப்பொறி பேட்டரி பக்கத்துல வரக்கூடாதுங்கதுக்குத்தான். தள்ளு ஸ்டார்ட்டும் பண்ணலாம், கார்பரேட்டர் வண்டில ரெண்டாம் கியர் போதும், ஆனா பேட்டரி சுத்தமா காலின்னா தள்ளி பிரயோஜனம் இல்ல, ஸ்பார்க் உண்டாக்குற காயிலுக்கே கரண்ட் இருக்காது.

எடுத்ததுக்கு அப்புறம் வண்டி ஓடிட்டு இருக்கும்போது பேட்டரி கம்பத்துல வோல்ட் பாருங்க, 13.8-க்கும் 14.5-க்கும் நடுவுல இருந்தா ஆல்டர்னேட்டர் நல்லா சார்ஜ் பண்ணுது. 13-க்கு கீழன்னா பெல்ட் லூஸா, இல்ல ஆல்டர்னேட்டர் பிரஷ்ஷா, டயோடா பாக்கணும். நிறைய பேரு வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலக் கழட்டிப் பாத்து "சார்ஜ் ஆவுது"ன்னு சொல்லுவாங்க, தயவுசெஞ்சு அத யாரையும் பண்ண விடாதீங்க, கழட்டுற நிமிஷம் வோல்ட் எகிறி டயோடும் மத்த எலக்ட்ரானிக்ஸும் போயிரும், ஒரு மீட்டர் விலைய விட அது எவ்வளவோ அதிகம்.

இழுத்து இழுத்து சுத்துது

எனக்க வண்டி கதை இதுதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்லுறேன்.

800 மாதிரி சின்ன பெட்ரோல் எஞ்சின சுத்த செல்ஃப் சுமாரா 100 ஆம்பியர் இழுக்கும்னு வெச்சுக்கோங்க. போற வழில எங்கயாவது ஒரு இடத்துல 0.02 ஓம் தடை இருந்தா, 100-ஐ 0.02-ஆல பெருக்குனா 2 வோல்ட், அந்த இடத்துலயே 2 வோல்ட் போச்சு. பேட்டரில 10.5 நின்னாலும் மோட்டாருக்கு 8.5தான் போகும், அப்பம் எப்படி சுத்தும்? அந்த 0.02 ஓம்ம நம்ம சாதா மீட்டர்ல ஓம் பக்கம் வெச்சு கண்டுபிடிக்கவே முடியாது, பூஜ்யம்னுதான் காட்டும். அதனாலதான் "வயர் செக் பண்ணியாச்சு, நல்லா இருக்கு"ன்னு எனக்குச் சொன்னாங்க. கரண்ட் ஓடும்போது மட்டும்தான் அந்தத் தடை வெளிய வரும், அதனால செல்ஃப் அடிக்கும்போதுதான் வோல்ட் பாக்கணும்.

பாக்குற விதம் இது. காயிலுக்கு தாக்கோல்ல இருந்து வர மெல்லிய வயரக் கழட்டிருங்க, அப்பம் எஞ்சின் சுத்தும், பிடிக்காது. மீட்டர் சிவப்பு நுனிய எஞ்சின்ல பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டுல, கறுப்பு நுனிய பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல. செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட் வரைக்கும் பரவாயில்ல, அதுக்கு மேலன்னா எர்த் வழி கெட்டுட்டு. எனக்க வண்டில 2.1 காட்டிச்சு. அப்புறம் ஒவ்வொரு படியா நகத்திப் பாருங்க, கம்பத்துல இருந்து கிளாம்ப், கிளாம்ப்புல இருந்து வயர் மறுநுனில இருக்க லக் (போல்ட்டுல மாட்டுற வளையம்), லக்குல இருந்து அது பிடிச்சிருக்க இரும்பு, பாடில இருந்து எஞ்சின். எந்தப் படில வோல்ட் சட்டுன்னு ஏறுதோ அங்க இருக்கு நோய். பிளஸ் பக்கமும் இதே மாதிரி, பேட்டரி பிளஸ் கம்பத்துல இருந்து செல்ஃப் மோட்டாரோட தடிச்ச போல்ட் வரைக்கும், அடிக்கும்போது 0.5-க்கு மேல வரக்கூடாது.

மீட்டர் இல்லாம வழில நிக்கிறீங்கன்னா இன்னும் எளுப்பம். ஜம்ப்பர் கேபிள் கறுப்ப எடுத்து ஒரு நுனிய பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொரு நுனிய நேரா எஞ்சின் இரும்புல கடிக்க விடுங்க, செல்ஃப் அடிங்க. சுறுசுறுன்னு சுத்துனா எர்த்துதான், வேற எதையும் தொடாதீங்க. அதோட இன்னொண்ணு, பத்து செகண்ட் அடிச்சிட்டு ஒவ்வொரு இணைப்பையும் கையால தொட்டுப் பாருங்க, 2 வோல்ட் 100 ஆம்பியர்னா 200 வாட், ரெண்டு 100 வாட் குண்டு பல்பு சூடு அந்த ஒத்த இடத்துல வருது, கை சொல்லிரும். ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், சோக் கேபிள் சூடாச்சுன்னா சந்தேகமே வேண்டாம், எஞ்சினுக்கு எர்த் இல்ல, கரண்ட் அது வழியா திரும்புது.

நம்ம ஊரு வயரு வெளியப் பாத்தா ஏமாந்துருவீங்க. மேல ரப்பர் கருகருன்னு புதுசு மாதிரி இருக்கும். லக்கு பிரஸ் பண்ணிருக்க இடத்துல சின்ன இடைவெளி வழியா உப்பு ஈரம் உள்ள இறங்கி, திரி எண்ணெய இழுக்க மாதிரி செம்பு நூலு வழியா ஒரு சாண் உள்ள வரைக்கும் ஏறிரும். அந்த இடத்துல வயர வளைச்சுப் பாருங்க, விறைப்பா இருந்தா, உள்ள மொறுமொறுன்னு நொறுங்குனா, ரப்பரக் கீறிப் பாருங்க, பச்சைப் பொடியா கொட்டும். எனக்க வயர்ல பாதி நூலு அப்படியே பொடியாப் போயிருந்துச்சு. முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம், மண்டைக்காட்டு கொடைக்குப் போய் கடக்கரைல நாள் முழுக்க வண்டி விட்டுட்டு வரவங்க, உங்க வண்டிக்கு வருஷத்துக்கு ஒருக்கா இந்த சோதனை வேணும். தென்மேற்குச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் ரெண்டும் நமக்கு உண்டுல்லா, வயரு காயுறதுக்கு நேரமே கிடையாது.

மாத்தும்போது பழைய வயரோட கனத்துக்குக் குறையாம வாங்குங்க, லக்க சும்மா சுத்தியலால தட்டி நசுக்காம பிரஸ் பண்ணித் தரச் சொல்லுங்க, மேல ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடச் சொல்லுங்க. பிடிக்கிற இடத்துல பெயின்டும் துருவும் போக உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி ஆக்கணும், இறுக்கணும், அதுக்கப்புறம் மேல கிரீஸ்.

இணைப்பு எல்லாம் 0.2, 0.5-க்குள்ள இருந்தும், பேட்டரி நல்லா இருந்தும் இழுத்தா மட்டும்தான் மோட்டாரக் கழட்டணும். புஷ் தேஞ்சு ஆர்மேச்சர் உரசும், குறிப்பா எஞ்சின் சூடா இருக்கும்போது கூடுதலா இழுக்கும்.

"விர்ர்ர்"னு சுத்துது, எஞ்சின் அசையல

கரண்ட் பிரச்சினை கிடையாது. மோட்டார் சுத்துது, பென்டிக்ஸ் (மோட்டார் நுனில இருக்க சின்ன பல்சக்கரம்) பல்லு போய் எஞ்சின் பக்கம் இருக்க பெரிய பல்சக்கரமான ரிங் கியரப் பிடிக்கல, இல்லேன்னா பிடிச்சும் உள்ள வழுக்குது. எப்பவாவது ஒருக்கா மட்டும் கறகறன்னு அரைச்சு விர்ருன்னு போனா ரிங் கியர்ல பல்லு தேஞ்சிருக்கும். மூணு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது கிட்டத்தட்ட அதே மூணு இடத்துலதான் வந்து நிக்கும், அந்த மூணு இடத்துலதான் பல்லு தேயும். நாலாம் கியர்ல போட்டு ஒரு அடி தள்ளுங்க, வேற பல்லுக்கு வந்துரும், எடுத்துரும்.

ஸ்டார்ட் ஆனதுக்கு அப்புறமும் செல்ஃப் நிக்காம சுத்துனா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம தாக்கோல ஆஃப் பண்ணி எஞ்சின நிப்பாட்டிட்டு பேட்டரி நெகட்டிவக் கழட்டுங்க, காண்டாக்ட் ஒட்டிப்போச்சு.

செல்ஃப் நல்லா சுத்துது, பிடிக்க மாட்டேங்குது

மழைக்காலத்துல காலைல மட்டும்னா முதல்ல டிஸ்ட்ரிப்யூட்டர் (ஸ்பார்க் கரண்ட ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சுக் குடுக்கறது) கேப்பக் கழட்டி உள்ள துணியால தொடைங்க. உள்ள பென்சில்ல கோடு போட்ட மாதிரி ஒரு கரி வரி இருந்தா கரண்ட் அது வழியா ஓடிருது, தொடைச்சா போகாது, கேப்ப மாத்தணும். ராத்திரி இருட்டுல பானட்டத் தொறந்து வெச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்க, பிளக் வயர் மேல நீலமா பொறி ஓடுனா வயரு போச்சு. உப்பு படிஞ்ச பழைய வயர்ல இது அவ்வளவு அழகா தெரியும்.

ஸ்பார்க் வருதான்னு பாக்க ஒரு பிளக்கக் கழட்டி அதோட வயர்ல மாட்டி, பிளக் உடம்பு எஞ்சின் இரும்புல படுற மாதிரி பிளாஸ்டிக் பிடி உள்ள கொறடால பிடிங்க, பெட்ரோல் ஒழுகுற இடம் பக்கத்துல பண்ணாதீங்க. நீலமா "சட் சட்"னு வந்தா ஸ்பார்க் சரி, பெட்ரோல் பக்கம் போங்க. வரலேன்னா தாக்கோல் ஆன்ல காயில் பிளஸ்ல 12 வோல்ட் வருதான்னு டெஸ்ட் லாம்ப் வைங்க. அம்பாசிடர், பத்மினி மாதிரி பாயின்ட் உள்ள வண்டின்னா பாயின்ட்ட உப்புத்தாளால லேசா உரசிட்டு கண்டென்சரையும் சந்தேகப்படுங்க.

இதுல ஒரு வினோதமான அறிகுறி உண்டு. தாக்கோலப் பிடிச்சிட்டு இருக்க வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும், பிடிக்காது, விடுற அந்த நொடில "புர்"னு பிடிக்கும். தாக்கோல் ஸ்டார்ட் நிலைல இருக்கும்போது காயிலுக்குப் போற கரண்ட் அறுந்து போவுது, விட்டதும் ஆன் நிலைக்கு வந்து கரண்ட் வருது, எஞ்சின் இன்னும் சுத்திட்டு இருக்கதால பிடிச்சிருது. பெரும்பாலும் இக்னிஷன் சுவிட்ச் உள்ள காண்டாக்ட். காயில் பிளஸ்ல டெஸ்ட் லாம்ப் வெச்சு அடிச்சுப் பாத்தா, அடிக்கும்போது பல்பு அணையும். கார்பரேட்டரப் பிரிச்சு மேயுறதுக்கு முன்ன இத ஒருக்கா பாத்திருங்க.

ராத்திரி நல்லா நிப்பாட்டுனேன், காலைல செத்து கெடக்கு

எனக்க அத்தான் கத்தார்ல வேலை, வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு. வண்டி பதினோரு மாசம் ஷெட்டுல நிக்கும். வரும்போதெல்லாம் பேட்டரி காலி, மூணு வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. வண்டி நிக்கும்போது எது கரண்ட் குடிக்குதுன்னு பாக்கதுக்கு, எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, கதவ மூடி, பேட்டரி நெகட்டிவக் கழட்டி, அந்த கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் நடுவுல மீட்டர 10 ஆம்பியர் ஓட்டைல போட்டு வெச்சோம். மீட்டர் அப்படி இருக்கும்போது தாக்கோலத் தொடவே கூடாது, செல்ஃப் அடிச்சா மீட்டர் காலி. 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும், எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய வண்டில அதவிடக் கம்மியாவே இருக்கும். அத்தான் வண்டில 180.

சின்னதுன்னு தோணும். கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 4.3 ஆம்பியர் மணி, 35 ஆம்பியர் மணி பேட்டரி நாலு நாள்ல பாதிக்கு வந்துரும், எட்டு நாள்ல ஒண்ணும் இல்ல. ஃபியூஸ ஒவ்வொண்ணா பிடுங்கி மீட்டரப் பாத்தோம், ஆடியோ ஃபியூஸ எடுத்ததும் 12-க்கு விழுந்துட்டு. பாட்டு செட் மாட்டுனவங்க ஆம்ப்ளிஃபையர் ஆன் வயரையும் நேரா பேட்டரி லைன்ல சேத்து வெச்சிருக்காங்க, செட்ட ஆஃப் பண்ணாலும் அது முழிச்சிட்டே இருக்கு. அந்த வயர மட்டும் தாக்கோல் ஆன் லைனுக்கு மாத்துனோம். எல்லா ஃபியூஸும் பிடுங்கியும் குறையலேன்னா ஆல்டர்னேட்டர் டயோட சந்தேகப்படணும், நெகட்டிவக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் பின்னாடி தடிச்ச வயர எடுத்து டேப் சுத்தி வெச்சுட்டு திரும்ப மீட்டர் வெச்சுப் பாருங்க, விழுந்தா அதுதான். டிக்கி லைட்டு, டேஷ்போர்டு பெட்டி லைட்டும் மூடுனா அணையுதான்னு ஃபோன்ல வீடியோ ஆன் பண்ணி உள்ள வெச்சு மூடிப் பாருங்க.

ஆனா பேட்டரி சும்மா இருந்தாலும் தானா இறங்கும், நம்ம சூட்டுக்கு இன்னும் வேகமா. அதனால அக்காவுக்கு 10-ம் நம்பர் ஸ்பேனரக் கையில குடுத்து நெகட்டிவக் கழட்ட, மாட்ட ஒரே நாள்ல சொல்லிக் குடுத்தேன். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அவளே மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, இரணியல் வரைக்கும் ஓட்டி ஒரு மணிக்கூர் கழிச்சுக் கொண்டு வந்து திரும்பக் கழட்டி வெச்சிருவா. போன லீவுக்கு அத்தான் வந்து இறங்குன அன்னைக்கு திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு அந்த வண்டியத்தான் அவளே எடுத்துட்டுப் போனா.